ஏரி சம்மதித்த நாள்

நீச்சல் தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. சார்ஜென்ட் தார்கி என்னையும் லுர்தெஸையும் உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பினார். இப்போதே கை பழகட்டும் என்றார்.

பொலிவியாவிடம் கடல் இல்லை, கடற்படை இருக்கிறது. மலைமேல் கிடக்கும் டிடிகாக்கா ஏரியை வைத்துச் சமாளிக்கிறோம். எங்கள் முகாமுக்கு வந்த முதல் பெண்கள் நாங்கள் இருவர்தான். மிதவையைத் தொட்டுத் திரும்பினால் படகில் இடம். இல்லாவிட்டால் சேவை முடியும்வரை சமையற்கட்டு. தேர்வு பழையது; சமையற்கட்டு மட்டும் புதிதாக வந்த கேப்டன் போட்ட விதி.

நாங்கள் தாழ்நிலத்துக்காரிகள். முதலை கிடக்கும் ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்த ஆறு வெதுவெதுப்பானது. ஏரி பத்து டிகிரி. விரல்களை விட்டுப் பார்த்த லுர்தெஸ், எடுத்ததும் அவற்றை எண்ணிக்கொண்டாள்.

மலைக்காரப் பையன்களுக்குக் கொண்டாட்டம். வில்மர் எங்களுக்கு இன்னொரு கத்தி கொண்டுவந்தான்.

"பதக்கம் வந்திருக்கு, வாங்கிக்க தாயி."

"நீ எப்படிடா தேறின?" என்றாள் லுர்தெஸ்.

"அந்த வருஷம் ஏரி சம்மதிக்கல."

ஏரிக்குப் படையலாகச் சாராயம் வார்க்காமல் இங்கே யாரும் அதில் கால் வைப்பதில்லை. தேர்வன்று சார்ஜென்ட் வார்ப்பார். அலை எழுந்தால் ஏரிக்கு இஷ்டமில்லை என்று பொருள்; எல்லோரும் தேறியதாக எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். பதினோரு வருடமாக ஏரிக்கு இஷ்டமில்லை.

தேர்வன்று சார்ஜென்ட் வார்த்தார். ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. இன்னொரு முறை வார்த்தார். ஒரு வாத்து மட்டும் நகர்ந்தது. மூன்றாவது முறை புட்டியைச் சாய்த்தபோது, ஏரிக்குப் போதை ஏறிவிடப்போகிறது என்றார் கேப்டன். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

குதித்தோம். மூச்சு நின்று, யோசித்து, திரும்பி வந்தது. லுர்தெஸ் வழிநெடுக ஏரியின் பரம்பரையைத் திட்டினாள். பாதியில் என் கால்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. மிதவையில் தலை முட்டியபோதுதான் தொட்டுவிட்டது புரிந்தது. திரும்பி வந்து கரையேறினோம். பல் தந்தியடித்தது. கேப்டன் தன் மேலங்கியை லுர்தெஸுக்குப் போர்த்தினார். வில்மர் தன்னுடையதை என்னிடம் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல்.

"படகு உங்களுக்கு" என்ற கேப்டன் ஆண்கள் பக்கம் திரும்பினார். "ஏரிதான் சம்மதிச்சிருச்சே. நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நாற்பது பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். சார்ஜென்ட் காலிப் புட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"கேப்டன், சமையற்கட்டுல இத்தனை பேருக்கு இடம் பத்தாது. எங்கள்ல ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது."