சாவித்ரி நடித்த நாடகம்

ஹைதராபாத் போலாரத்தில் இருந்த ஷெர்லியின் அண்ணன் ஆலன் கனடாவில் இருக்கும் மகனோடு போய்த் தங்குவது என்று முடிவான பிறகு, வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு ஷெர்லியின் தலையில் விழுந்தது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் இரண்டே நாளில் போய்விட்டன. மிஞ்சியது எட்டு அட்டைப் பெட்டி நிறைய டிஸ்க்குகள். ஆலன் முப்பது வருஷமாக வாங்கிச் சேர்த்தவை.

ஷெர்லி சாவித்ரிக்குப் போன் செய்தாள். இருவரும் ஒரே அரசு நிறுவனத்தில், ஒரே பிரிவில், இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர்கள். ஷெர்லி போன வருஷம் ஓய்வு பெற்றாள். சாவித்ரிக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது.

"சாவித்ரி, சனிக்கிழமை வா. வேணுங்கிறதப் பொறுக்கிக்கோ. பழைய சாமான்காரனுக்குப் போட எனக்கு மனசு வரல."

"எங்க வீட்ல அதப் போட்டுப் பாக்க மிஷினே இல்லையேடி."

"அதுவும் இருக்கு, தூக்கிட்டுப் போ. சும்மா கைக்கு யோசிக்கிற?" 'எதுக்கு' என்பது ஷெர்லி வாயில் எப்போதும் ஹைதராபாத் இந்தியின் 'கைக்கு'தான்.

அந்தச் சனிக்கிழமை கொண்டாப்பூரிலிருந்து சாவித்ரியின் மகன் சந்தீப்பும் மருமகள் ஹம்ஸினியும் அவளுடைய சைனிக்புரி வீட்டுக்கு வந்திருந்தார்கள். சந்தீப் சாப்பிட்டதும் தூங்கிவிட்டான். ஹம்ஸினி தன் காரிலேயே மாமியாரை போலாரத்துக்கு அழைத்துப் போனாள்.

பெட்டிகளைத் திறந்ததும் ஹம்ஸினி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கறுப்பு வெள்ளைப் புராணப் படங்களுக்குக் கீழே தெலுங்கு அடிதடிப் படங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே இங்கிலீஷ் யுத்தப் படங்கள், இந்திப் பாட்டுத் தொகுப்புகள், பதினெட்டு டிஸ்க்குகளாக வந்த கொரியத் தொடர் ஒன்று. பைபிள் நாடகங்களும் ஒரு துப்பறியும் தொடரும் ஒரே உறையில் கிடந்தன. ஆலன் எதையும் வகை பிரித்து வைக்கவில்லை. வாங்கிய வரிசையில் அடுக்கியிருந்தார்.

"அத்தே, இந்தக் கொரியன் செட் மொத்தமும் எனக்கு," என்று ஹம்ஸினி அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மெல்லிய உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் படித்தது முழுக்க ஹைதராபாத்தில். தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான்.

"கொ... டைக்... கா... ன... லில். கொடைக்கானலில். ஐ... ந்து நாள். அத்தே, மாமா உங்கள எப்பவும் கொடைக்கானல்காரின்னு ஏடிபிஸ்தாரே, கேலி பண்ணுவாரே, அதுவா இது?"

சாவித்ரி கையிலிருந்த டீ கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உறையை வாங்கினாள். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். அட்டையில் பனி மூடிய ஒரு பங்களா. பின்பக்கம் சின்ன எழுத்தில் நடிகர் பட்டியல். கடைசி வரியில், 'சாவித்ரி (புதுமுகம்)'.

"அதேதான்," என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விஷயம் அது. சாவித்ரி திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. செகந்திராபாத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். சென்னையிலிருந்து, வாரம் ஒரு பகுதியாக ஐந்து வாரம் ஓடும் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் படம் பிடிக்க ஒரு குழு வந்திருந்தது. கொடைக்கானலில் எடுக்கக் கட்டுப்படியாகாததால் போலாரத்தில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்திருந்தார்கள். டைப்பிஸ்ட் வசந்தாவாக நடிக்க வேண்டிய பெண் காய்ச்சலில் ரயில் ஏறவில்லை. தமிழ் நன்றாகப் பேசும் பெண் வேண்டுமென்று ஹாஸ்டலுக்கு ஆள் வந்தது. வார்டன் சாவித்ரியைக் காட்டினார்.

ஐந்து நாள் நடித்தாள். ஒருத்தர் கரி அடுப்பில் சாம்பிராணி போட்டு விசிற, அந்தப் புகைதான் கொடைக்கானல் பனி. டைரக்டர் அவளிடம், "உன் குரல் கனமான குரல்மா. வசந்தாவுக்கு இதுதான் சரி" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

நாடகம் சென்னையில் ஒளிபரப்பானது. அந்த நாளில் ஹைதராபாத்தில் அதைப் பார்க்க வழியில்லை. கேசட் அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவில்லை. இரண்டு கடிதம் எழுதினாள், பதில் இல்லை. பிறகு கல்யாணம், சந்தீப், வீட்டுக் கடன், புரொமோஷன். கணவர் சாம்பசிவத்திடம் அவள் அதைச் சொல்லாமல் இல்லை. அவர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கண்ணால் காணாததை நம்புவதில்லை. அவள் கோபித்துக்கொண்டால், "கொடைக்கானல்காரி ஆரம்பிச்சுட்டா" என்பார். சந்தீப்பும் அதைச் சொல்லியே வளர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹால் தயாரானது. சந்தீப் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி டிவியில் படம் வரவைத்தான். சாம்பசிவம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நாற்காலி இழுத்தார். ஷெர்லியும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

பங்களா வந்தது. புகை வந்தது.

"இது நம்ம போலாரம் பங்களா," என்றார் சாம்பசிவம். "பஸ் போற சத்தம்கூட கேக்குது."

"உஷ், சும்மா இருங்க மாமா," என்றாள் ஹம்ஸினி.

பத்தாவது நிமிஷத்தில் வராந்தாப் படியில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் டைப்ரைட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஒல்லி. நீளமான பின்னல். நடையில் ஒரு துணிச்சல்.

சந்தீப் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அம்மா. நிஜங்கா நுவ்வேனா? நீயேதானா?"

சாம்பசிவம் நாற்காலியை இன்னும் ஒரு அடி முன்னால் இழுத்தார்.

பச்சைப் புடவைக்காரி வாயைத் திறந்தாள். "ஐயா, நான்தான் புது டைப்பிஸ்ட் வசந்தா." கீச்சென்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒரு குரல்.

சாவித்ரியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது. ஆபீஸில் அவள் போன் எடுத்தால் முதலில் சார் என்பார்கள்.

"இது உன் குரல் இல்லையே," என்றார் சாம்பசிவம் மெதுவாக.

சாவித்ரியின் அடுத்த வசனமும் அதே கீச்சுக் குரலில் வந்தது. வேறு யாரையோ வைத்துப் பேசவைத்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எழுந்து, "சாதம் வைக்கணும்" என்று சமையலறைக்குப் போனாள். அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

ஹம்ஸினி பின்னாலேயே வந்து மேடையில் சாய்ந்து நின்றாள்.

"அத்தே, அந்த முதல் டயலாக் நீங்க எப்படிச் சொன்னீங்க?"

"அது கெடக்கட்டும், விடு."

"சொல்லுங்களேன். எனக்கு மட்டும்."

சாவித்ரி குழாயை மூடினாள். பிறகு சொன்னாள். "ஐயா. நான்தான் புது டைப்பிஸ்ட், வசந்தா." ஐயாவுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி, வேலை கேட்டு வந்தவள் அல்ல, வேலையைப் பார்க்க வந்தவள் என்று அந்த இடைவெளியே காட்டியது.

ஹம்ஸினி அவளையே பார்த்தாள். "அப்புறம்?"

"அப்புறம் பங்களா முதலாளி, 'டைப்ரைட்டர நீயே தூக்கிட்டு வந்தியா'ம்பார். நான், 'தூக்க முடியாதத நான் எடுத்துட்டு வர்றதில்ல'ம்பேன்."

"மிச்சமும் ஞாபகம் இருக்கா?"

"அஞ்சு வாரமும் இருக்கு. எல்லார் வசனமும் இருக்கு. நாங்க ராத்திரி பகலா ஒத்திகை பாத்தோமே."

ஹம்ஸினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். டிஸ்க்கை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"இனிமே டிவி பேசாது. அத்தே பேசுவாங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் சாவித்ரி. ஆனால் படியில் பச்சைப் புடவை ஏறியதும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. உதட்டசைவுக்கு வசனம் அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன; அந்த உதடு அன்று அதே வசனத்தை அதே வேகத்தில் பேசியதுதானே.

ஆனால் பங்களா முதலாளி வாயை அசைத்தபோது ஹாலில் சத்தமே இல்லை. "மாமா, நீங்கதான் முதலாளி," என்றாள் ஹம்ஸினி.

"எனக்கென்ன தெரியும்?"

"நான் சொல்லித் தரேன், அதையே சொல்லுங்க," என்றாள் சாவித்ரி. காதோரம் குனிந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தாள். சாம்பசிவம் லேப் அறிக்கை வாசிப்பதுபோல ஆரம்பித்தார். மூன்றாவது காட்சியில் மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளியின் மனைவி வேஷம் ஷெர்லிக்கு வந்தது. காபி ஆறிவிட்டது என்று அவள் சண்டை பிடிக்க வேண்டிய இடத்தில், "நக்கோ, இந்தக் காபி எனக்கு நக்கோ" என்றாள். கொடைக்கானல் பங்களாவில் 'வேண்டாம்' என்பதற்கு அப்படி ஒரு ஹைதராபாத் வார்த்தை கேட்டதும் ஹம்ஸினி சோபாவிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வாட்ச்மேன் சந்தீப். தமிழ் வசனம் நாக்கில் புரளவில்லை. அம்மா வந்திருக்காங்க என்பதை "அம்மகாரு வச்சாரண்டி" என்று தெலுங்கில் அடித்துவிட்டான். வாட்ச்மேனின் வாயசைவுக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தியது. ஹம்ஸினி முதலாளியின் மகனுக்கும் பேசினாள், பங்களா நாய்க்கும் குரைத்தாள். ஆள் கிடைக்காத சின்னப் பாத்திரங்கள் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போயின.

இரண்டாவது டிஸ்க் போட்டபோது மணி ஒன்றரை. யாருக்கும் சாப்பாடு நினைவில்லை.

ஐந்தாம் வாரத்தின் முடிவில் வசந்தாவுக்கு ஒரு நீண்ட காட்சி இருந்தது. முதலாளி தன் மகனை அவளுக்குக் கட்டிவைப்பதாகப் பெருந்தன்மையோடு அறிவிக்கிறார். அவள் பதில் சொல்ல வேண்டும். மூன்று நிமிஷம். கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

சாவித்ரி எழுந்து நின்றுகொண்டாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதில் அவள் மட்டும்தான்.

"ஐயா. இந்த வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் டைப் அடிச்சேன். யார் யாருக்கு என்ன எழுதினீங்கன்னு உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். அடுத்த ரூம்ல இருக்கற சம்சாரத்துக்குக்கூட நீங்க கடிதம்தான் எழுதினீங்க. வேலை குடுத்தீங்க, நன்றி. சம்பளம் குடுத்தீங்க, அதுக்கும் நன்றி. இப்ப உங்க பையனையும் குடுக்கறேங்கறீங்க. எல்லாரும் எனக்குக் குடுக்கறதப் பத்தியே பேசறீங்க. எனக்கு என்ன வேணும்னு இந்த அஞ்சு நாள்ல ஒருத்தர் கேட்டீங்களா?"

மேலே போகப் போகக் குரல் உயரவில்லை, தணிந்தது. திரையில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கண் நிறைந்தது. அவளுக்குப் பேசிக்கொண்டிருந்தவளின் கண் நிறையவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல்லும் தவறாமல் பேசி முடித்தாள். வசந்தா டைப்ரைட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் நடந்து போனாள். எழுத்துகள் ஓடின.

சந்தீப் எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை. ஷெர்லி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "இவ்வளவு நாளா இத எங்க வச்சிருந்தே?" என்று கேட்டார்.

"இங்கதான். நீங்க கேக்கல."

"கேட்டிருக்கணும்," என்றார் அவர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "தப்புதான்" என்றார்.

சாவித்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தப்பு என்று சொன்னதற்கா, அவர் முகம் போன போக்குக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கீச்சுக் குரல்காரி யாராக இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். பாவம், யாரோ கொடுத்த காகிதத்தை வாசித்துவிட்டுப் போயிருப்பாள். அவள்மேல் இப்போது வருத்தம் ஏதும் இல்லை.

மூன்றரை மணிக்கு, அப்போதுதான் வைத்த சாதமும் ஆறிப்போன சாம்பாரும் அப்பளமுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கிரியும் அவர் மனைவி பிந்துவும் நின்றார்கள். மூன்று மணி நேரமாக வீட்டுக்குள் சண்டையும் சிரிப்பும் நாய்க் குரைப்புமாகக் கேட்கிறது, உங்கள் வீட்டில் நாய் கிடையாதே, என்ன விஷயம் என்று பார்க்க வந்தார்களாம்.

ஹம்ஸினி சொல்லச் சொல்ல பிந்துவின் கண் விரிந்தது. "மறுபடியும் போடுவீங்களா ஆன்ட்டி? நாங்க பாக்கலையே."

"பாக்கறது மட்டும் கிடையாது," என்றாள் சாவித்ரி. "வந்தா பேசணும். சமையல்காரன் வசனம் இன்னும் யாருக்கும் குடுக்கல. கிரி, உங்களுக்குச் சரியா இருக்கும். பிந்து, நீ டாக்டரம்மா. நாலாவது வாரத்துல வருவா."

கை கழுவிவிட்டு வந்து ஒரு நோட்டை எடுத்தாள். யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று வரிசையாக எழுதினாள். ஷெர்லி தன் அண்ணனுக்கு வீடியோ அழைப்பு போட்டு, "உன் பெட்டில என்ன இருந்துதுன்னு உனக்கே தெரியாது" என்று கத்திக்கொண்டிருந்தாள். சந்தீப் முதல் டிஸ்க்கைத் துடைத்து உள்ளே தள்ளினான்.

சாம்பசிவம் அவள் பக்கத்தில் வந்து நின்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

"முதலாளி மூணாவது வாரம் முழுக்க வரவே இல்லையே," என்றார். "அந்த வக்கீல் வேஷத்தையும் நானே பண்ணட்டுமா?"

"அதுக்குக் குரல் ஏத்த இறக்கமா வரணும்."

"சொல்லிக் குடு. வரும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வக்கீல் என்று எழுதி, எதிரில் அவர் பெயரைப் போட்டாள்.