தபால் பெட்டி

எக்ஸாமினர் உள்ளே வந்தபோது என் ஆறாம் கிளாஸில் ஒரு பிள்ளைகூட எழுந்து நிற்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் அவருடைய மீசையைப் பார்த்துப் பயந்து பெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாலேயே முறைத்தேன். ஊஹூம். என் மானம் பாதி அங்கேயே போயிற்று.

அவர் என் ஃபைலைப் புரட்டினார். “கரஸ்ஸா?” என்று கேட்டார், ஏதோ தொத்து வியாதியை விசாரிப்பதுபோல. ஆமாம் சார், கரஸ்தான். வேறென்ன சொல்ல? காலேஜில் போய் உட்கார்ந்து பி.எட். படிக்க எனக்கும் ஆசைதான். பீன்யா ஃபாக்டரியில் ஷிஃப்டு பார்க்கிற புருஷன், காக்ஸ் டவுன் வீட்டில் இரண்டு வாண்டுகள், நடுவில் இந்த வேலை. இதில் எந்தக் காலேஜுக்குப் போவது? பாடமெல்லாம் தபாலில் வந்தது. அடுப்படியில் வைத்துப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு காண்டாக்ட் கிளாஸுக்கு ஓடினேன். தொண்ணூற்றெட்டு ஜூனுக்குள் பி.எட். இல்லாதவர்கள் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பட்டென்று சொல்லிவிட்டார். எக்ஸாமினர் முன்னால் நடத்திக் காட்டுகிற இந்த ஒரு பாடம் சொதப்பினால் பரீட்சையும் போச்சு, வேலையும் போச்சு.

எனக்குத் துணையாகக் கடைசி பெஞ்சில் வித்யாலட்சுமி உட்கார்ந்திருந்தாள். எங்கள் சயின்ஸ் டீச்சர், மல்லேஸ்வரத்துக்காரி, ரெகுலர் காலேஜில் பி.எட். முடித்தவள். என் பெயர் பெட்டி. தபாலில் படிக்கிறேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் எனக்குத் ‘தபால் பெட்டி’ என்று பெயர் வைத்த புண்ணியவதி அவள்தான். ஆனால் என் சார்ட் எல்லாம் அவள் வரைந்து கொடுத்தது. லஞ்ச் நேரத்தில் என்னைப் பாடம் நடத்தச் சொல்லி, தானே மக்குப் பிள்ளையாக நடித்து உயிரை வாங்குவாள். “பெட்டி, கிளாஸ் கையை விட்டுப் போயிடுத்துன்னா கத்தாதே. அதுகள் என்ன பண்றதோ அதையே பாடமாக்கிடு. எங்க காலேஜ்ல நான் அழுதுண்டே கத்துண்டது இது ஒண்ணுதான்” என்பாள்.

அன்றைக்குப் பின்னம் நடத்த வேண்டும், கன்னட மீடியத்தில். இருபத்தொன்றில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. எரிச்சலில் நானே உரக்கச் சொன்னேன்: “ஏளு!”

தடதடவென்று நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கன்னடத்தில் ஏளு என்றால் ஏழு. எழுந்திரு என்றாலும் ஏளுதான். பல பேரிடம் ‘ஏளி’ என்று சொல்ல வேண்டும். என் தெருக் கன்னடத்தில் அந்த நாசூக்கெல்லாம் ஏது? ஒருத்தனோ நாற்பது பேரோ, தினமும் ‘ஏளு’தான். போதாததற்குச் சற்றுமுன் முறைத்துவேறு வைத்திருந்தேனே! எழுந்திருக்காததற்குத்தான் மிஸ் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

எக்ஸாமினர் பேனா மூடியைத் திறந்தார். உட்காருங்கடா என்று கத்த வாயெடுத்தவள் வித்யாவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினாள். கத்தாதே.

வாசல் பக்கத்து வரிசையை மட்டும் உட்காரச் சொன்னேன். ஜன்னல் பக்கம் ஏழு பெஞ்சு, பெஞ்சுக்கு மூன்று பேர். இருபத்தொரு பேர் நின்றார்கள். மூன்றில் ஒரு பங்கு, பெஞ்சுக்கு ஒருத்தர் மட்டும் நில்லுங்கள் என்றேன். யார் நிற்பது என்று தள்ளுமுள்ளு, குசுகுசு. கடைசியில் நின்றவர்களை எண்ணச் சொன்னேன்.

“ஏளு!” என்று மொத்தக் கிளாஸும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. இந்தத் தடவை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எக்ஸாமினரின் மீசை அசைந்தது. சிரித்தாரா, தும்மலை அடக்கினாரா, கர்த்தருக்குத்தான் தெரியும். “இது உங்க லெசன் பிளான்ல இல்லையேம்மா? எங்க கத்துக்கிட்டீங்க, தபால்லயா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“இல்ல சார். அந்தக் கடைசி பெஞ்ச்ல.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்கென்று ஒரு காலேஜ் இருந்திருக்கிறது, அதை நான் இத்தனை நாளும் வம்புக்காரி என்றே நினைத்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்ததும் வித்யா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சட்டென்று எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவர் குனிந்து என் தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னலோரம் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், கடைசி பெஞ்சில் எட்டாவதாக அவள்.