பின்னால் ஏறிய லாரி

அந்தக் காலத்தில் ஓசூரை அடுத்த தளிப் பக்கம் லாரி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் பெண் என்று பார்த்தால் நாகம்மா ஒருத்திதான். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பெட்ரோல் லாரி அது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல், எஞ்சினை மாற்றி டீசல் எஞ்சின் வைத்தாள். அங்கேதான் வந்தது வினை. டீசலின் இழுவைக்குப் பழைய கியர் பெட்டி ஈடுகொடுக்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மேடு ஏறும்போது இரண்டு முறை பல் உடைந்து நடுரோட்டில் படுத்துவிட்டது. இரண்டாம் முறை மழை வேறு பிடித்துக்கொள்ள, கிழங்கெல்லாம் அழுகிப் போனது.

"இன்னொரு தரம் இப்பிடி ஆச்சுன்னா எங்க கெழங்கு உங்க வண்டில ஏறாதுக்கா" என்று குடியானவர்கள் சார்பில் கரியப்பன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். தளிக் கிழங்கு ஏறாவிட்டால் அந்த லாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாகம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் கங்கப்பன்தான் கைகொடுத்தான். வாய்ச்சவடால் ஆசாமி. ஜூஜுவாடி அருகே கவிழ்ந்து கிடந்த ஒரு பெரிய லாரியின் கியர் பெட்டியை வாங்கி வந்து, மூடியைத் திறந்து காட்டினான். பழைய பெட்டியின் பல் சுண்டுவிரல் கனம் என்றால், இதன் பல் கட்டைவிரல் கனம் இருந்தது.

"பாத்துக்கோம்மா. எஞ்சின் தொலைஞ்சாலும் தொலையும், இது ஒடையாது" என்றான்.

பெட்டி பலமாக இருந்தால் ஆயிற்றா? எஞ்சினோடு சேர வேண்டாமா? ஒரு போல்ட் துளைகூட நேருக்கு நேர் வரவில்லை. நடுவில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை வைத்து, எஞ்சினுக்குத் தக்கபடியும் பெட்டிக்குத் தக்கபடியும் அதில் துளை போட்டான். கிளட்ச் தட்டின் நடுவில் புதுப் பெட்டியின் தண்டு நுழைய மறுத்தது. பெரிய லாரியின் தட்டிலிருந்து நடுப்பகுதியைப் பெயர்த்து இதில் வைத்து ரிவிட் அடித்தான். பெட்டி நீளம் என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டிக் குறுக்கினான். இவன் அடிக்கிற சவடாலில் பாதியாவது நிஜம்தான் என்று நாகம்மா அன்றைக்கு மனதார ஒப்புக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் கங்கப்பன், நாகம்மாவின் டிரைவர் சென்னப்பனிடம் படித்துப் படித்துச் சொன்னான்: "பழசுல இடது பக்கம் முன்னால தள்ளுனா ஃபஸ்ட் கியரு. இதுல அங்க ரிவர்ஸு. மறந்துடாதண்ணா." சென்னப்பன் பெரிதாகத் தலையாட்டினான்.

தளியில், சரிவான காட்டுப் பாதையில், மேடு பின்னால் இருக்க, கீழே ரோட்டைப் பார்த்து லாரியை நிறுத்தி லோடு ஏற்றினார்கள். கங்கப்பனும் கூடவே வந்திருந்தான். கரியப்பன் மட்டும் தன் மூட்டைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். கற்பூரம் காட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சென்னப்பன் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் கியரை இடது பக்கம் முன்னால் தள்ளினான்.

லாரி பின்னால் போனது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

பின்னால் நின்றவர்கள் அலறியடித்து ஓட, சென்னப்பன் பதறிப்போய் வண்டியை நிறுத்தினான். "அய்யோ தேவ்ரே, சாமி! பூஜ போட்ட வண்டி பின்னால போனா வெளங்குமா? எறக்குங்கடா மூட்டைய!" என்று கத்தினான் கரியப்பன். இரண்டு மூட்டைகள் இறங்கியும் விட்டன. கங்கப்பனின் முகத்தில் ஈயாடவில்லை.

நாகம்மாவுக்கு ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. பிறகு சக்கரத் தடத்தைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். லோடைப் பார்த்தாள்.

"மூட்டைல கை வெக்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றார்கள். "கரியப்பா, நீ பழத்த மட்டுந்தான் பாத்த. வண்டி எங்க நிக்கிதுன்னு பாத்தியா? இம்புட்டு லோடோட மேட்டுல ஏறி நிக்கிது. ஒரு மொனகல் கேட்டுச்சா உனக்கு? பழைய பொட்டியா இருந்தா இன்னேரம் பல்லப் பொறுக்கினு இருப்போம்."

கரியப்பன் மேட்டை ஒரு தரம் அளந்து பார்த்தான். குனிந்து இரண்டு பழங்களையும் எடுத்தான். பின்பக்கம் போய்ப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் தன் கையாலேயே வைத்தான்.

"மேட்டு உச்சி வரைக்கும் ஏறட்டும், பாக்கலாம்."

சென்னப்பன் இம்முறை தெரிந்தேதான் இடது பக்கம் முன்னால் தள்ளினான். பழங்கள் நசுங்கின. லாரி நிதானமாக, ஒரே சத்தத்தில், மேட்டின் உச்சி வரை பின்னாலேயே ஏறி நின்றது. என்ன பெட்டியடா இது என்று நாகம்மாவுக்குக் கண் கலங்கியது. ஓடிப்போய் கங்கப்பனின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இறக்கிய மூட்டைகளை யாரும் சொல்லாமலே மேலே லாரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரியப்பன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, எங்க வூட்டு மூட்டைக்கும் எடம் இருக்குமா?"