சுத்தத் தண்ணீர்

தொண்ணூற்றாறு மணி நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பொறுக்காமல் நான்காவது கிண்ணத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். முதல் மூன்று கிண்ணங்களில் இருந்தது முலாம் பூசும் பட்டறைகளுக்குப் பின்னால், அவற்றின் உலோகக் கழிவோடு ஓடும் வாய்க்காலின் தண்ணீர். அதில் தவளைக் கருக்கள் கோணலாக வளரும் என்று எதிர்பார்த்திருந்தோம். நான்காவது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சுத்தத் தண்ணீர். அதிலும் இருபத்தைந்தில் பதினொன்றுக்கு முதுகு வளைந்திருந்தது. வயிறு ஊதி, நின்ற இடத்திலேயே சுற்றின. ஒன்றுக்கு ஒரு கண்தான்.

ஆய்வகத்தில் என்னைவிட மூன்று வருடம் மூத்த மாணவரான போ-ஹான் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கிண்ணத்த மாத்தி வச்சிட்டியா, யூ-ஷின்? இல்ல, மிஷின் மேல வச்ச பாக்கெட் தேதி தாண்டிடுச்சா?"

எந்திரங்கள் அடம்பிடிக்காமல் ஓட, ராசிக்காக அவற்றின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைப்போம். தேதி தாண்டவில்லை. ஆனாலும் போன வாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், தலைப்பிரட்டை செத்துவிடும். தவளை வளர்ப்பவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் நம்பிக்கை. யாரிடமும் கேட்காமல், அதே வாய்க்காலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் ஸ்கூட்டரில் கொண்டுவந்தேன்.

வீட்டில் அதையே கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். கிருமி சாகும். உலோகம் எங்கேயும் போகாது.

அண்ணிக்கு வாந்தி நிற்கவில்லை. அம்மா வேளைக்கு ஒரு முள்ளங்கி சூப் வைக்கிறாள். மூன்று மாதம் முடியும்வரை அண்ணி உண்டாகியிருப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது, கருவைக் காக்கும் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். தவளைக்கு இந்த நான்கு நாளில் உருவாகும் உறுப்புகள், மனிதக் கருவுக்கு அந்த மூன்று மாதத்தில் உருவாகின்றன.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? கொட்டிட்டு மறுபடி போடலாம். புரொபசருக்குத் தெரிய வேணாம்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போனார். மணி பன்னிரண்டாகப் போகிறது. அம்மா இந்நேரம் சூப்பை இறக்கியிருப்பாள்.

"கொட்டாதீங்க அண்ணா."

"ஏன், பேரு வச்சிட்டியா?"

"கிண்ணம் மாறல. அது எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி."

அவர் திரும்பினார். கையில் கிண்ணம் சாய்ந்தபடியே இருந்தது. வளைந்தவை எல்லாம் ஓர் ஓரமாகச் சரிந்து குவிந்தன.

"அத யாராச்சும் குடிக்கிறீங்களா?"

"எல்லாரும்தான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எல்லாரும்தான். எங்க அண்ணிக்கு ஒன்பது வாரம்."