வெறுங்காலோடு நின்றால் நன்றாயிருக்கும்

1

இந்தக் கதை, கைதட்டிய ஒருவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. போர்ட்டோவில் கட்டடக்கலை படித்தவர். இப்போது எங்கள் தெருப் பல்வைத்தியரின் மாமனார். காப்பிக் கடையில் தன் ஆசிரியரைப் பற்றி உற்சாகமாகச் சொன்னார். கேட்டதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வடக்கு மலையில், கருங்கல் வாசலில், கல்லிலிருந்தே முளைத்தவள் போல வெறுங்காலோடு ஒரு பெண்..."

(அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. ஆனால் அவள் அப்படி நிற்கவில்லை.)

2

அந்த ஆசிரியர் ஜெர்மானோ தவெய்ரா. கான்கிரீட்டும் கண்ணாடியுமாகக் கட்டியவர். புதுமை என்றாலும் அது நம் மண்ணிலிருந்து வரவேண்டும் என்று நம்பியவர். அதற்காகவே ஐம்பதுகளில் மலைக்கிராமத்து வீடுகளைப் படமெடுக்கப் போனார்.

ஒரு வீட்டுக்காரி, சுல்மிரா என்று பெயர், கேமராவைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது காலில் நாத்தனாரின் கறுப்பு ஷூ. (நகரத்தில் வெறுங்காலோடு நடந்தால் போலீஸ் அபராதம் போட்ட காலம். ஷூ என்பது மானம்.)

"அம்மா, அதைக் கழட்டிடுங்களேன். வெறுங்காலோட நின்னா நல்லாருக்கும்."

"ஐயோ, போட்டோவுக்காகத்தானேய்யா போட்டுக்கிட்டு வந்தேன்!"

"கல்லும் காலும் ஒண்ணா இருக்கணும்மா. அதுதான் அழகு."

படித்த மனிதர் சொல்கிறார். கழற்றினாள். கேமராவைப் பார்க்காமல் நின்றாள்.

(இந்த இடத்தில் அவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் கொடுத்த மக்காச்சோள ரொட்டியைத் தின்றார். வீட்டை மனதாரப் புகழ்ந்தார். மனதார என்பதுதான் இதில்... விடுங்கள்.)

3

வருஷாவருஷம் அந்தப் படத்தை வகுப்பில் திரையில் காட்டினார். "பாருங்க, இதுல ஒரு பொய்கூட இல்ல."

எழுபதுகளில் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த புரட்சிக்கு அடுத்த வருஷம். புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, லுசிந்தா, எழுந்தாள்.

"சார், அது எங்கம்மா."

யாரோ சிரித்தார்கள்.

"அன்னிக்கு அவங்க ஷூ போட்டிருந்தாங்களாம். நீங்கதான் கழட்டச் சொன்னீங்களாம்."

தவெய்ராவுக்கு அந்தக் கறுப்பு ஷூ உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "உங்கம்மாவா இருக்காதும்மா. அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் பார்க்க இப்படித்தான் இருப்பாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காது சுட்டது. லுசிந்தா உட்கார்ந்துவிட்டாள்.

4

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கடன் வாங்கிய ஷூ, அவள் கெஞ்சியது, முந்தின வகுப்பில் தான் சொன்ன பொய், எதையும் மறைக்கவில்லை. நல்ல பேச்சாளர். தழுதழுக்க வேண்டிய இடத்தில் குரல் தழுதழுத்தது. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது.

"என்ன மனுஷன்யா!" என்றார் காப்பிக் கடைக்காரர்... இல்லை, காப்பிக் கடையில் எனக்குக் கதை சொன்னவர்.

லுசிந்தா மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் தவெய்ராவுக்கு உடம்பு கூசியது. சுல்மிராவை இன்னொரு முறை வாசலில் நிறுத்திப் பேர் வாங்கியாயிற்று.

வெளியே லுசிந்தாவின் பின்னாலேயே போனார். (கைதட்டியவருக்கு இது தெரியாது. நானாக எழுதுகிறேன்.)

"ஊருக்கு வந்து அம்மாகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்மா."

"கேட்டா யாருக்கு சார் நிம்மதி?"

அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க. அன்னிக்கு மாதிரி திடுதிப்புன்னு போய் நிக்காதீங்க."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுல்மிரா, "அட, அதையா இன்னும் நெனச்சிட்டிருக்கீங்க?" என்று சிரித்து ஒயின் ஊற்றிக் கொடுக்கிறாள். கிழித்தேன். அவருக்கு வேண்டியதை மறுபடியும் அவளைச் செய்யவைக்கிறேன். இன்னொன்றில் அவள் கதவைத் திறக்கவே இல்லை. அது எனக்கு வேண்டியது. மூன்றாவதில் அவர் போகவே இல்லை; படத்தைக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். உண்மையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும், ஆனால்...

அவரை பஸ் நிலையத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும் வண்டி உறுமுகிறது. ஏற்றிவிடுவதும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் உங்கள் பொறுப்பு. ஏற்றிவிடுவதாக இருந்தால், சுல்மிராவுக்கு முதலில் ஆள் அனுப்பிவிடுங்கள்.