சம்பந்தி வீட்டுச் சர்வர்

எங்கள் குடும்பத்தில் பொய் சொன்னவர் என்று யாரையும் ஊரில் சொன்னதில்லை. பாகூர்ப் பக்கத்தில் என் அப்பாவின் ஒரு சொல்லுக்கு வாய்க்கால் மடையைத் திறந்து மூடியிருக்கிறார்கள். நான் சொன்ன ஒரே பொய் 2006 ஜூன் மாதம், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில், பத்துப் பேர் முன்னால். அது என் இளைய மகள் சரிதாவின் பிழைப்பைத் தின்றுவிட்டது.

சரிதா லாஸ்பேட்டையில் எம்.சி.ஏ. படித்தவள். தோழிகள் எல்லாரும் சென்னைக்குப் போனபோது அவள் போகவில்லை. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, துறைமுகத்து ஏல வியாபாரிகள் சங்கத்துக்காக ஒரு இணையதளம் எழுதினாள். காலையில் ஏலம் போகிற விலை அந்த நிமிஷமே கொச்சியிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்குத் தெரியும்; அங்கிருந்தே அவர்கள் விலை கேட்கலாம். ஒன்றரை வருட உழைப்பு, முழுக்க ஜாவாவில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பும் முதல் ஏலத்தன்று அது ஒழுங்காக ஓடினால் சங்கத்தின் வேலை அவளுக்கு. ஓடாவிட்டால் வேறு ஆளுக்கு.

எழுதியதை இணையத்தில் வைக்க ஒரு இடம் வேண்டும். அதற்காக அவள் மூன்று வாரம் தேடினாள். இடமா கிடைக்காது என்று நான் கேட்டேன்.

"சாதாரண சைட்டுன்னா எங்க வேணா வெக்கலாம்பா. ஜாவான்னா டாம்கேட்னு ஒரு புரோகிராம் சர்வர்ல எப்பவும் ஓடிக்கினே இருக்கணும். மெமரி நெறைய சாப்பிடும். அதனால பாதிப் பேரு குடுக்கறதே இல்ல. குடுக்கறவங்களும் பல பேருக்கு ஒண்ணையே பங்கு போட்டுக் குடுப்பாங்க. நமக்குத் தனியா வேணும். நின்னுபோனா நாமளே திரும்ப ஓட விடற உரிமையும் வேணும்."

அப்படித் தருகிறவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, தாளில் எழுதி என்னிடம் காட்டினாள். இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனி.

அந்த வாரம்தான் ராஜவேல் வீட்டுக்கு வந்தான். என் மூத்த மகள் பாக்கியலட்சுமியின் கணவனுக்கு அண்ணன். டவுனில் ஏசி போட்ட கடை வைத்து இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிறவன். பழத்தட்டை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏன் மாமா, நான் ஒருத்தன் இருக்கறது உங்களுக்குத் தெரியலியா? அமெரிக்காக்காரனுக்குப் பொண்ணு குடுத்திருக்கீங்களா, எங்களுக்குக் குடுத்திருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். சரிதா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"டாம்கேட் தனியா தருவீங்களா மாமா?"

"எல்லாம் இருக்குதும்மா. ஜாவாவும் ஓடும், உன் ஜாவாவுக்குப் பாட்டன் வந்தாலும் ஓடும்."

"ஒரு வாரம் போட்டு ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாமா?"

ராஜவேலின் சிரிப்பு நின்றது. பெண் எடுத்த வீட்டாரைப் பரீட்சை வைத்துப் பார்ப்பது எங்களில் கிடையாது. நான் என் மனைவி அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு வெற்றிலைத் தட்டு கொண்டுவரச் சொன்னேன். என் கையாலேயே ராஜவேலுக்குத் தாம்பூலம் கொடுத்தேன். இடம் அவனுடையதுதான் என்று அத்துடன் பேச்சு முடிந்தது.

அவன் போன பிறகு சரிதா மாடிப்படியில் நின்றபடி சொன்னாள்: "அவரு சரியா பதிலே சொல்லலப்பா."

"உங்க அக்கா அந்த வீட்ல சோறு திங்கிறா. அத ஞாபகம் வெச்சிக்கோ" என்றேன்.

எழுதியதை எல்லாம் அவள் ராஜவேல் கொடுத்த இடத்திலேயே ஏற்றினாள்.

முதல் ஏலத்தன்று காலை ஏழு மணிக்குச் சங்கத்து அறையில் கூடியிருந்தோம். வெளியே வஞ்சிரமும் சங்கராவும் குவிந்து கிடந்தன. ராஜவேல் வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். சரிதா கம்ப்யூட்டர் முன்னால். முதல் இருபது நிமிடம் திரையில் விலைகள் ஏறின. கொச்சியிலிருந்து ஒருவன் விலை கேட்டது அதில் வந்தபோது சங்கச் செயலாளர் கன்னியப்பன் தொடையைத் தட்டி, "பாருங்கடா, மலையத் தாண்டாமயே கேரளாக்காரனப் புடிச்சிட்டா!" என்று கத்தினார். என் மகளின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

பிறகு வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர வர அது தடுமாறியது. ஏழரைக்கு நின்றுவிட்டது. வெள்ளைத் திரை.

சரிதா எழுந்து ராஜவேலிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"டாம்கேட்ட ஒரு தடவ நிறுத்தி ஓட விடுங்க மாமா. ரெண்டு நிமிஷந்தான்."

"அது என் கையில இல்லம்மா. நானே ஐதராபாத்காரன்கிட்ட வாங்கித்தான் விடறேன். அவனுக்கு எழுதிப் போடணும், சாயங்காலம் பாப்பான்."

"எல்லாம் இருக்குதுன்னீங்களே?"

"அறுபது சைட்டு அதுலதான் ஓடுது. எல்லாருக்கும் அதான்."

வெளியே ஏலம் வாயாலேயே நடக்கத் தொடங்கியிருந்தது. யாரோ ஒருத்தி, "மீனு அழுகிப்போறதுக்குள்ள வருமா உங்க பொட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கன்னியப்பன் என் எதிரில் வந்து நின்றார்.

"சக்கரபாணி ஐயா, நீங்க சொன்னா நான் நம்புவேன். கோளாறு எங்க? வெச்ச இடத்துலன்னா சொல்லுங்க, இடத்த மாத்திக்கட்டும், ஒரு வாரம் பொறுத்துக்கறோம். எழுதினதே சரியில்லன்னா நாங்க வேற ஆளத்தான் பாக்கணும்."

ராஜவேல் தரையைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. இன்று இவன் இங்கே தலைகுனிந்தால் அந்த வீட்டில் பாக்கியலட்சுமி நாளைக்கு எப்படித் தலைநிமிர்வாள் என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன்.

"இடத்துல குறை இல்ல. பொண்ணு எழுதினதுலதான் ஏதோ பிசகு. அனுபவம் பத்தல" என்றேன்.

சரிதா என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். அப்பாவைப் பத்துப் பேர் முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சங்கத்து வேலை போயிற்று. அதோடு நிற்கவில்லை. அவளிடம் பேசிக்கொண்டிருந்த ஒரு கல்லூரியும் ஒரு நகைக்கடையும் பின்வாங்கின. "அவங்கப்பாவே சொன்னாராமே" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். ராஜவேல் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தான். சரிதா அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இப்போது ஒரு கணக்காய்வாளர் ஆபீசில் நாள் முழுக்க யாரோ எழுதிய எண்களைத் தட்டச்சு செய்கிறாள். மாடியறையைப் பூட்டிச் சாவியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அஞ்சலாட்சி என் எதிரில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

"போயி அந்த கன்னியப்பன் கிட்ட உண்மையச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா இந்த வீட்ல நான் உங்களுக்குச் சோறு போட மாட்டேன்."

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதில் ஓட்டிக்கொண்டே போனேன். கன்னியப்பன் ஏலக்கூடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துவிட்டு எதிரே வந்தார்.

"வாங்க ஐயா. என்ன இவ்ளோ தூரம்?"

அந்த மரியாதையைப் பார்த்ததும் கண்ணை மீன் குவியல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மீன் வாங்க வந்தேன்" என்றேன்.

அவரே பார்த்து நல்ல வஞ்சிரமாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது சரிதா ஆபீஸ் முடிந்து வந்து கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பையைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சரிதா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.