சின்னானிடம் வாங்கிய பேஸ் உகுலேலே

இனிமேல் நாலு கிலோ கிட்டாரைத் தோளில் மாட்டக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்னபோது எனக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. பதினெட்டு வருடமாகக் கல்யாண வரவேற்புகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். குழுவை ஆரம்பித்தவனே நான்தான். பகலெல்லாம் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற பசுபதியை மேடையில்தான் நாலு பேர் மதிக்கிறார்கள். அதை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

எங்கள் கீபோர்டுக்காரன் ஹரிநாராயணன்தான் பேஸ் உகுலேலே என்று எடை குறைந்த குட்டித் தந்திக் கருவி ஒன்று இருப்பதாகச் சொன்னான். குழந்தைகள் வைத்து விளையாடுகிற சாமானில் பேஸா என்று சிரித்தேன். பிறகு விசாரித்துப் பார்த்தால், சிம்மக்கல்லில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. அங்கே சேல்ஸ்மேன் சின்னான்.

சின்னான் எங்கள் பழைய டிரம்மர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒத்தக்கடையில் ஒரு வரவேற்பில் பாட்டு பாதியில் தடம் புரண்டு நின்றுபோனது. நான் மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும், எங்க டிரம்மருக்கு இன்னைக்குத் தாளம் கைகூடல" என்று சொல்லிவிட்டேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். மறுநாளே அவனைக் குழுவிலிருந்து நிறுத்தினேன்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று நினைத்துத்தான் போனேன். அவனோ, "வாங்கண்ணே, ஹரி அண்ணன் சொன்னாரு, தோள்பட்டை எப்படி இருக்கு?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

உகுலேலே கைக்குழந்தை அளவுதான் இருந்தது. தந்திகள் மட்டும் தடித் தடியாக, ரப்பர் போல இழுபட்டன.

"உங்க கிட்டார்ல உள்ள அதே நாலு சுருதிதாண்ணே. ஸ்ட்ரிங்கு புதுசுல இளகிக்கிட்டே இருக்கும், ஒரு வாரத்துக்கு அடிக்கடி சுதி சேக்கணும். கழுத்துக் கட்டை குட்டைங்கறதால விரல் இடம் மாறி விழும். ஆம்ப் இல்லாம வாசிச்சா பக்கத்துல உக்காந்திருக்கவனுக்குக்கூடக் கேக்காது."

"மேடையில வர்ற நம்ம சத்தம் இதுல வருமா?" என்று கேட்டு, போன மாதக் கச்சேரியைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். அவன் போனைக் கடையிலிருந்த ஒலிபெருக்கி ஆம்ப்பில் சொருகினான். கேட்டுவிட்டு, அதே இடத்தை மறுபடி ஓடவிட்டான்.

"என்னப்பா?"

"அண்ணே, இதுல கேக்குற பேஸு ஹரி அண்ணன் கீபோர்டுல இடது கையில வாசிக்கிறது."

"அப்ப என்னோடது எங்க?"

அவன் தந்தியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் தூசியே இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, உகுலேலேயையும் ஆம்ப்பில் சொருகி, கூடவே வாசித்தேன். என் வாசிப்பு தனியாக, தெளிவாகக் கேட்டது. பாட்டு ஓரிடத்தில் இருந்தது, நான் அதற்குச் சற்றே பின்னால் வந்துகொண்டிருந்தேன். கருவி புதிது என்று மறுபடி வாசித்தேன். மூன்றாம் தடவையும் அதே தாமதம். சின்னானின் விரல் மட்டும் மேஜைக் கண்ணாடியில் அச்சுப் பிசகாமல் தாளம் போட்டது. நான் பார்த்ததும் மடக்கிக்கொண்டான்.

"மிக்சர்ல சோணை என் சத்தத்தக் குறைச்சுத்தான் வைப்பாரா?" என்று எங்கள் சவுண்ட்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"ரொம்ப நாளாவே கம்மியாத்தாண்ணே வப்பாப்ல. பாட்டுக்கு நல்லதுன்னு எல்லாரும்..." என்று இழுத்தான்.

'பேஸ ஏத்துய்யா' என்று அந்த மனிதரை எத்தனை மேடையில் அதட்டியிருப்பேன். அவரும் எதையோ திருகிவிட்டுத் தலையாட்டுவார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒத்தக்கடைக்குச் சோணை வரவில்லை. வீட்டு விசேஷம் என்று வேறு ஆளை அனுப்பியிருந்தார். விவரம் தெரியாத அந்த ஆள், நான் அதட்டியதும் என் சத்தத்தை நிஜமாகவே ஏற்றிவிட்டான். அன்றைக்குத்தான் ஜனம் என் வாசிப்பைக் கேட்டது. அன்றைக்குத்தான் பாட்டும் நின்றது.

எனக்குக் காது மடல் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"அன்னைக்கே நீ ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க மைக்குல சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தண்ணே சொல்ல?"

ஆம்ப் பக்கத்தில் ஒரு மைக் கிடந்தது. எடுத்துச் சொருகினேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒத்தக்கடையில தாளம் பிசகினது நான்தான். டிரம்மர் சின்னான் மேல ஒரு தப்பும் இல்ல."

சலங்கை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்தார். மொத்தம் மூன்று பேர். அந்த முந்நூறு பேரை நான் எங்கே போய்த் தேடுவது?

சின்னான் மைக்கை வாங்கி அணைத்தான். "விடுங்கண்ணே."

"ஞாயித்துக்கிழமை கச்சேரி இருக்கு. வாரியா?"

"வரலண்ணே."

அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல், "சரி, இதையே எடுத்துக்கிறேன்" என்று உகுலேலேயை அவனிடம் நீட்டினேன்.

"ஆம்ப்பையும் சேத்து எடுங்கண்ணே. வீட்டுல தனியா வச்சு வாசிங்க. உங்க சத்தம் மொதல்ல உங்களுக்குக் கேக்கணும்ல."

வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, எனக்கு நல்லதென்றுதான் சொன்னான். இரண்டையும் அவன் பொறுமையாகப் பெட்டியில் வைத்துக் கட்டினான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.